குடும்பக் குழு: கதிர் நாடகத்துக்கு யார் யார்?

கதிர்: சனிக்கிழமை நாடகத்துக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்? இன்று இரவுக்குள் சொல்ல வேண்டும்.

கவிதா: நான் ஒன்று.

சுந்தர் சித்தப்பா: என்ன கதை?

கதிர்: பல வருடம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு ஆண்கள் பிரிகிறார்கள். சாமான்களைப் பங்கு போடும் ஒரு ராத்திரி.

சுந்தர் சித்தப்பா: ஓ.

மீனா அத்தை: வேறு கதையே கிடைக்கவில்லையா கண்ணா?

சேகர் மாமா: மீனா, இது ஒன்றும் புதிதில்லை. லண்டனில் 1958 வரை தன்பாலீர்ப்பு நாடகத்துக்குத் தணிக்கை அனுமதியே கிடையாது. 1968-இல்தான் அந்தத் தணிக்கையே ஒழிந்தது. அதே வருடம் நியூயார்க்கில் 'த பாய்ஸ் இன் த பேண்ட்' வந்து ஆயிரம் காட்சி ஓடியது. இங்கே நாடக ஆசிரியர் விஜய் தெண்டுல்கர் 1981-இலேயே பெண்ணை விரும்பும் பெண்ணை வைத்து மராத்தியில் 'மித்ராச்சி கோஷ்ட' போட்டுவிட்டார்.

மீனா அத்தை: பக்கத்து அறையிலிருந்து எனக்குப் பாடமா?

சேகர் மாமா: முடிக்க விடு. 1985-இல் நியூயார்க்கில் 'த நார்மல் ஹார்ட்'. எய்ட்ஸில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்க, அரசு கண்டுகொள்ளவில்லை என்ற கோபத்தில் லாரி க்ரேமர் எழுதியது. அரங்கச் சுவரிலேயே நோயாளிகள் எண்ணிக்கையை எழுதி வைத்தார்கள். 1993-இல் முதல் பாகத்துக்குப் புலிட்சர் பரிசு வாங்கிய 'ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா' இரண்டு பாகமும் சேர்ந்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல்.

சுந்தர் சித்தப்பா: ஏழு மணி நேரமா! கதிர், உன்னுடையது?

கதிர்: 80 நிமிடம். இடைவேளை இல்லை.

கவிதா: போன தடவை இடைவேளையில் நழுவியவருக்காகவே எடுத்துவிட்டான்.

சுந்தர் சித்தப்பா: அன்று கார் சாவியை யார் எடுத்துப் போனது என்று உன் அம்மாவிடம் கேள்.

பெரியம்மா: அதை இன்னும் விடவில்லையா சுந்தர்?

மீனா அத்தை: சாவு, அழுகை என்றால் நான் வரவில்லை.

கவிதா: அத்தை, முன்பெல்லாம் இப்படி ஒரு பாத்திரம் வந்தால் கடைசியில் சாக வேண்டும், இல்லை தலைகுனிய வேண்டும். இப்போதுதான் சும்மா வாழவே விடுகிறார்கள்.

கதிர்: இதில் யாரும் சாகவில்லை. வாஷிங் மெஷின் யாருக்கு என்றுதான் சண்டை.

சுந்தர் சித்தப்பா: அதற்கு எதற்கு டிக்கெட்? நம் பாகப்பிரிவினையில் பார்த்ததுதானே.

பெரியம்மா: சுந்தர்.

சேகர் மாமா: ஒரு சந்தேகம் கதிர். அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்று மாற்றினாலும் இதே சண்டைதானே?

கதிர்: இல்லை மாமா. வீட்டுக்காரரிடமும் ஆபீஸிலும் 'நண்பன்' என்றே சொல்லி வந்தவர்கள். பிரிந்துவிட்டோம் என்று யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

சேகர் மாமா: சரி.

மீனா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கதிர்: படித்துவிட்டேன் அத்தை. நேரில் கேளுங்கள்.

கவிதா: என்ன கேட்டார்கள்?

பெரியம்மா: கவிதா, சும்மா இரு. கதிர், பாட்டியை அழைத்து வரலாமா? படி இருக்கிறதா?

கதிர்: ஆறு படி. கைப்பிடிக்க ஆள் நிறுத்துகிறேன்.

சுந்தர் சித்தப்பா: பாட்டிக்குக் கதை தெரியுமா?

பெரியம்மா: நேற்றே ஃபோனில் முழுக்கக் கேட்டுவிட்டார். மெஷின், காசு கொடுத்தவனுக்குத்தான் என்கிறார்.

கதிர்: அப்படியென்றால் மொத்தம் ஐந்தா, ஆறா?

மீனா அத்தை: மாமா வருவார். நான் காலையில் சொல்கிறேன்.

கதிர்: இரவுக்குள் அத்தை!

சுந்தர் சித்தப்பா: என்னையும் போட்டு வை. யார் கார்?