வெயில்ல கம்பி கட்டுற ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி?

கேள்வி – சைட் சூப்பர்வைசர், செங்கல்பட்டு
மே மாசம், மூணாவது மாடி ஸ்லாப்புக்குக் கம்பி கட்டுறோம். 12 பேர், அதுல 4 பேர் பெண் சித்தாள். காலை 8 முதல் மாலை 5 வரை வேலை. 20 லிட்டர் கேன் ரெண்டும் 12 மணிக்கே காலி. எத்தனை போடணும்? நல்லா தண்ணி குடிக்கிற ஒரு தம்பிக்கே சாயங்காலம் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது, ஏன்?

பதில் – தொழிற்சாலை நர்ஸ்
சார், 20 நிமிஷத்துக்கு ஒரு பெரிய டம்ளர், 240 மில்லி. சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேரத்துக்கு ஆளுக்கு 5.76 லிட்டர், 12 பேருக்குச் சுமார் 69. நாலு கேன் கட்டாயம், அதுவும் குடிக்க மட்டும். மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு வேர்வையோட உப்பும் போகுது, வெறும் தண்ணிதான் உள்ளே வருது. உப்புப் போட்ட மோர், நீராகாரம் கொடுங்க. ஓ.ஆர்.எஸ். கொடுத்தா 20.5 கிராம் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர்ல கரைக்கணும். டம்ளர்ல கொஞ்சம் கொட்டிக் கலக்கக் கூடாது. தலைவலி, வாந்தியோட பேச்சு குழறினா மேற்கொண்டு தண்ணி குடிக்கக் கொடுக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

பதில் – உடலியல் ஆசிரியர்
எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது. வேலைக்கு முன்னும் பின்னும் உடம்பைத் துடைச்சிட்டு, அதே லுங்கியோட எடை பாருங்க. 60 கிலோ ஆள் 1.2 கிலோ குறைஞ்சா அது 2 சதவீதம். வேலைத்திறன் இறங்க அதுவே போதும். 4 லிட்டர் குடிச்சும் அவ்வளவு குறைஞ்சிருந்தா, சிறுநீரும் சேர்த்து வெளியே போனது சுமார் 5.2 லிட்டர்.

புழுக்கத்துல வேர்வை காயாம சொட்டும்: தண்ணி போகும், உடம்பு குளிராது. வேலூர் மாதிரி வறண்ட வெயில்ல உடனே காய்ஞ்சிடும், வேர்த்ததே தெரியாது. புது ஆளை முதல் நாள் வழக்கமான நேரத்துல அஞ்சுல ஒரு பங்கு மட்டும் வெயில்ல விட்டு, தினமும் அதே அளவு கூட்டுங்க. உடம்பு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும்.

பதில் – பாதுகாப்பு அலுவலர்
கேன் கணக்குக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க: பெண்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை இருக்கா? இல்லைன்னா நீங்க பத்து கேன் வச்சாலும் அவங்க குடிக்கமாட்டாங்க. அடக்கி அடக்கி வச்சா சிறுநீர்த் தொற்று வரலாம். வாளியும் தண்ணியும் எப்பவும் அங்கே இருக்கணும்.

கேனை ஸ்லாப்புக்குக் கீழே நிழல்ல, ஈரச் சாக்கு சுத்தி வைங்க. சுடுதண்ணியை யாரும் தொடமாட்டாங்க. கிட்னி, இதய நோய்க்கு மருந்து சாப்பிடுற ஆள் இருந்தா இந்த அளவு அவருக்குக் கிடையாது. டாக்டர் சொன்ன அளவுதான், வெயில் வேலையும் வேண்டாம்.