விமானந்தாங்கிக் கப்பலும் துணைக் கப்பல்களும்: மறக்க முடியாத அனுபவங்கள்

எண்ணெய்க் கப்பலில் பணியாற்றியவர்:

நடுக்கடலில் போர்க்கப்பல்களுக்கு எரிபொருள் எண்ணெய் கொடுப்பது எப்படி நடக்கும் என்பதை இங்குள்ளவர்கள் அறிவீர்கள். நாங்கள் திசை மாறாமல் 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வேகத்தில் சென்றுகொண்டிருக்க, பக்கத்தில் வந்து குழாய் பூட்டியிருந்த விமானந்தாங்கி சற்றே எங்கள் பக்கம் திரும்பியதால், தூரம் காட்டும் கயிறு தொய்ந்து அதன் வண்ணக் கொடிகள் ஒவ்வொன்றாக நீரில் முழுகின. இரண்டு கப்பல்களுக்கு இடையே ஓடும் நீர் வேகமெடுத்தால் அழுத்தம் குறைந்து இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். குழாயைக் கழற்றும்படி உத்தரவு வந்த அந்த நொடியில், எதிர்த்தளத்தில் கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டிருந்த இளம் மாலுமியின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. கப்பல்கள் உரசாமல் விலகின. போற்றப்படுவது என்னவோ விமானந்தாங்கி மட்டும்தான். எண்ணெய்க் கப்பல் இல்லாமல் அதனால் எத்தனை நாள் கடலில் நிற்க முடியும்?

மும்பையிலிருந்து ஒருவர்:

மேலே எழுதியவரின் கேள்வி நியாயமானது. ஆனால் எண்ணெயை மட்டும் வைத்து அளப்பதை நான் ஏற்கவில்லை. 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது பழைய விக்ராந்த் விமானந்தாங்கியின் கொதிகலன்களில் ஒன்று விரிசல் கண்டு வேகம் குறைந்திருந்தது. அந்நிலையிலும் அது வங்காள விரிகுடாவிலிருந்து அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்க முடிந்ததற்கு, நீர்மூழ்கிகளிடமிருந்து அதைக் காத்து உடன் சென்ற போர்க்கப்பல்களும் காரணம். அது அருங்காட்சியகமாக இருந்தபோது, அதன் கொதிகலன் அறையில் வேலை செய்த என் மாமனாரை அழைத்துச் சென்றேன். கீழே இறங்கும் வழி பூட்டியிருந்தது. அந்த இரும்புக் கதவில் உள்ளங்கையைப் பதித்து, "இன்னும் சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்றார்.

விராட் விமானந்தாங்கியின் மேல்தளத்தில் இருந்தவர்:

இருவரும் வாதிடுவதை விட்டுவிட்டுக் காதுகளைக் கவனியுங்கள். சீ ஹாரியர் போர்விமானம் செங்குத்தாக இறங்கும்போது அந்த ஒலி நெஞ்செலும்பில் அதிரும். ஒருமுறை அது இறங்கி எஞ்சின் நின்ற பிறகும் அருகில் நின்றவர் பேசியது எனக்குக் கேட்கவே இல்லை. கப்பலில் வேலை செய்த எவரும், எஞ்சின் அறையில் இருந்தவர்கள் உட்பட, செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகளிடம், காதுக்குள் வைக்கும் அடைப்பானையும் அதன்மேல் காதுமூடியையும் சேர்த்தே அணியச் சொல்லுங்கள். இரைச்சல் நரம்பைத் தாக்கினால் இழந்த செவித்திறன் திரும்பாது. இரவில் காதில் ரீங்காரம் கேட்டால் வயதின் மேல் பழிபோடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பரிசோதனை அறிக்கையின் நகலை ஓய்வூதியக் கோப்பிலும் சேர்த்து வையுங்கள்.