போர்ச்சுகீஸ் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. எம்.ஐ.ஏ.ங்கிற ஈழத்தமிழ்ப் பாடகி மாயாவோட பாட்டுகளைத் தோண்டிக்கிட்டே போனப்போ 'சவுண்ட் ஆஃப் குடூரோ' கிடைச்சது. நம்ம மாயா குரலைக் கேட்கத்தான் போட்டேன், கடைசியில அந்தப் பாட்டைப் போட்ட புராக்கா சோம் சிஸ்டெமா குழுகிட்ட மாட்டிக்கிட்டேன். ஒரு வாரமா வீட்டுல இதேதான் ஓடுது, பக்கத்து வீட்டுக்காரங்க பாவம்.

2006-ல லிஸ்பன் புறநகர்ல ஆரம்பிச்ச குழு. அங்கோலாவோட குடூரோ தாளத்தை ஐரோப்பிய கிளப் இசையோட கலந்து அடிச்சாங்க. 2008-ல 'பிளாக் டயமண்ட்', 2011-ல 'கொம்பா', 2014-ல 'புராக்கா'ன்னு ஆல்பங்கள் போட்டாங்க. 2016-ல நிறுத்திட்டாங்க. எனக்கு 'பிளாக் டயமண்ட்'தான் உச்சம். கடைசி ஆல்பத்துல அந்த முரட்டுத்தனம் குறைஞ்ச மாதிரி படுது.

இப்போ உதவி: வரிகள்ல போர்ச்சுகீஸோட அங்கோலா தலைநகர் லுவாண்டாவோட தெருப்பேச்சும் கலந்து வருது. மொழிபெயர்ப்புச் செயலியில போட்டா உளறுது. 'கொம்பா'ன்னா அங்கோலாவுல இறந்தவங்களுக்காக நடத்துற சடங்குன்னு படிச்சேன். நம்ம காரியம், பறையாட்டம் மாதிரியா, வேறயா? லிஸ்பன்லயோ அங்கோலாவுலயோ இருந்தவங்க ரெண்டு மூணு பாட்டுக்காவது அர்த்தம் சொல்ல முடியுமா? இதே பாணியில வேற யாரைக் கேட்கலாம்னும் சொல்லுங்க.