கரிஜினி: வெயிலூரில் பல் கிட்டிய குளியல்

மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் கரிஜினி தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் படம் போடுகிறார்கள். தண்ணீர் எப்படிக் குளிரும் என்று மட்டும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அதை நான் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போனது ஜூலையில். பெர்த்திலிருந்து வடக்கே சுமார் 1,400 கிலோமீட்டர். டாம் பிரைஸ் என்கிற ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் செம்மண்ணும் முள்ளுப் புல்லும்தான். தரை சமமாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று காலடியில் வாய் பிளக்கும்.

டேல்ஸ் பள்ளத்தாக்கில் இரும்புப் படிக்கட்டு உண்டு. கீழே ஃபோர்டெஸ்கியூ அருவி. ஊற்று நீர் என்பதால் வற்றுவதில்லை. சுவரெல்லாம் சிவப்பும் கறுப்புமாக வரி வரியாகப் பாறை: சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த இரும்பு. மேலே டி-ஷர்ட் போதும். வெயில் படாத தண்ணீரில் காலை வைத்தால் பல் கிட்டிக்கொள்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஃபெர்ன் குளம். அந்த மண்ணின் பூர்வகுடிகளான பஞ்சிமா மக்களுக்குப் புனிதமான இடம். குதிக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். மரமேடையிலிருந்து ஏணி வழியாக இறங்கி அசையாமல் நின்றேன். பொடி மீன்கள் வந்து குதிகாலைக் கொறிக்கத் தொடங்கின. தலைக்கு மேல் மரத்தில் பழந்தின்னி வௌவால்களின் சண்டை. அவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு போலிருக்கிறது!

* * *

படித்துவிட்டு ஒரு தம்பி எழுதியது: அண்ணே, ஹான்காக் பள்ளத்தாக்குப் பக்கம் போகவில்லையா? எனக்கு அதுதான் பிடித்தது. ஸ்பைடர் வாக் என்கிற இடுக்கில் ஒரு கையும் காலும் இந்தச் சுவரில், மற்றவை அந்தச் சுவரில் ஊன்றி நகர வேண்டும். கீழே வழவழவென்று பாறை. ஈரமானால் செருப்பெல்லாம் ஆகாது, நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். அப்புறம், மழை அறிகுறி இருந்தால் இறங்கவே வேண்டாம். 2004-இல் அங்கே ஒருவரை மீட்கப் போன தன்னார்வலரே திடீர் வெள்ளத்தில் இறந்துபோனார்.

* * *

என் பதில்: சின்னப் பையன் கூட இருந்தான் தம்பி, அதனால் ஹான்காக் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இன்னொன்று: பக்கத்தில் விட்டனூம் என்று பழைய சுரங்க ஊர். மூச்சில் போனால் உயிருக்கே ஆபத்தான நீலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி இன்னும் கிடக்கிறது. ஆர்வக் கோளாறில் யாரும் வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடாதீர்கள்.