‘ஃபியூச்சர் லிவர் ரெம்னன்ட்’ – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியவர்களுக்கான விளக்கத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுத்தபின் உடலில் இருக்கப்போகும் கல்லீரலுக்கு ‘எஞ்சிய கல்லீரல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

புலவர்:
எப்படிச் சரியாகும்? ‘எஞ்சிய’ இறந்தகாலப் பெயரெச்சம். இன்னும் கத்தியே வைக்கவில்லையே! வினைத்தொகையாக ‘எஞ்சுகல்லீரல்’ என்றால் முக்காலமும் அடங்கும். சுருக்கமாக ‘எஞ்சீரல்’. ‘எச்சம்’ என்றே சொன்னாலும் குற்றமில்லை. ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்கிறாரே வள்ளுவர்.

மருத்துவர்:
ஐயா, எச்சம் என்றால் நோயாளிக்குக் காக்கைதான் நினைவுக்கு வரும். எஞ்சீரல் என்றால் நுரையீரலா மண்ணீரலா என்பார். அவருக்குப் புரியவேண்டியது அளவு. நல்ல கல்லீரல் என்றால் 20 விழுக்காடாவது மிஞ்ச வேண்டும். பல சுற்று கீமோ முடித்தவருக்கு 30. கீமோ மருந்துகளில் ஆக்சாலிபிளாட்டின் கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும், இரினோடிக்கான் கொழுப்பும் அழற்சியும் சேர்க்கும். அளவு போதாவிட்டால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில், எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் கிளையை அடைத்துவிடுவோம். ரத்தம் மறுபக்கம் திரும்பும். 4 முதல் 6 வாரத்தில் அந்தப் பக்கம் வளரும். அப்புறம்தான் அறுவை. வீட்டுக்காரர்களிடம் ‘மிஞ்சப்போற ஈரல்’ என்றுதான் நான் சொல்வது.

யாழ்ப்பாணத்து நண்பர்:
‘போர்ட்டல் சிரை’ என்ன தமிழ்? நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே ‘ஈரல் வாயினாளம்’ என்று படித்தவர்கள்.

புலவர்:
அருமை! வாயில் + நாளம். நாளம் என்றால் உள்துளை உள்ள தண்டு, தாமரைத் தண்டும் நாளம்தான். ‘அடைத்தல்’ மட்டும் வேண்டாம், மாரடைப்பை நினைவூட்டும். கிணற்றைத் தூர்ப்பதுபோல் ‘வாயினாளத் தூர்ப்பு’ எனலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, இங்கே ‘நாளமில்லாச் சுரப்பி’ என்று படித்தவர்களுக்கு நாளம் என்றால் ரத்தக்குழாய் அல்ல, சுரப்புநீர் போகும் குழாய். தூர்ப்புக்கு அடிக்குறிப்பு போட இடமும் இல்லை. மருத்துவர் சொல்வதை ஒட்டி ‘மிஞ்சும் கல்லீரல்’ என்றே அனுப்புகிறேன்.

புலவர்:
மிஞ்சுதல் என்றால் அளவு கடத்தல் என்றும் பொருள் உண்டு. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

மருத்துவர்:
அளவு கடந்து மிஞ்சினால் எங்களுக்கு நல்லதுதான், ஐயா.

யாழ்ப்பாணத்து நண்பர்:
அப்ப வாயினாளம்?