புதுப்பிப்பு: நாட்டுக்கோழிக் குஞ்சில் சேவலா, பெட்டையா? இறகு பார்த்ததுதான் சரியா வந்தது

கானாடுகாத்தான் பக்கம் எங்க வீட்டுக் குஞ்சுகளில் எது சேவல், எது பெட்டை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது.

முதலில் சிறகு நீளம் பார்க்கச் சொன்ன யோசனை. அது அதற்கென்றே இனம் சேர்த்து எடுத்த பண்ணைக் குஞ்சுகளுக்கு, அதுவும் பொரித்த ஓரிரு நாளுக்குள் பார்த்தால்தான் சரி வரும். நாட்டுக்கோழிக்கு உதவாது.

கொண்டை பாதிதான் சொன்னது. ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகளில் 6–8 வாரத்திலேயே சேவலுக்குச் சிவந்து தடித்தது. அசில் என்ற சண்டைக்கோழி இனம் கலந்தவற்றுக்குக் கொண்டை சின்னதாகத் தலையோடு ஒட்டியிருப்பதால் ஒன்றும் பிடிபடவில்லை.

கைகொடுத்தது, 10–12 வாரம் வரை பொறுத்து இடுப்பு இறகைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான். குஞ்சை வெயிலில் பிடித்து, வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் விரலால் நீவிப் பார்த்தேன். சேவலுக்குப் புது இறகு ஒடுக்கமாக, ஈட்டி முனை மாதிரி கூராக, பளபளவென்று முளைத்திருந்தது. பெட்டைக்கு நுனி உருண்டை, மினுமினுப்பு இல்லை. கழுத்து இறகிலும் இதே வித்தியாசம்.

எதிர்பாராதது ஒன்று: ஒரு அசில் கலப்புக்கு இறகெல்லாம் உருண்டை. பெட்டை என்றே வைத்திருந்தோம், கூவிவிட்டது! பெட்டைமாறிச் சேவலாம், அதாவது பெட்டை மாதிரியே இறகு உள்ள சேவல். அந்த ரகம் கலந்திருந்தால் இறகை மட்டும் நம்பாமல் கால் தடிமனையும் பாருங்கள்; இதற்குக் கூடப்பிறந்த பெட்டைகளைவிடக் கால் நல்ல தடிமன்.