பொருள்: ‘லாஸி கம்ப்ரஷன்’ தமிழில் என்ன? (நாளை அச்சுக்குப் போகிறது)

கோத்தகிரியிலிருந்து, மாலை 6.10

எல்லோருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்கு நாலு பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். படம் பார்க்க நன்றாக இருக்கணும், கோப்பு சிறிதாகணும், இதுதான் பாடம். பிள்ளைகள் போனில் எடுக்கும் படம் நாலைந்து எம்பி. விண்ணப்பப் பக்கமோ 200 கேபிக்கு மேல் வாங்காது. மழைக்காலத்தில் எங்கள் சரிவில் சிக்னலும் இரண்டு கோட்டைத் தாண்டாது.

கொஞ்சம் தகவலை விட்டுவிட்டுச் சுருக்குவது லாஸி, ஒன்றையும் விடாமல் சுருக்குவது லாஸ்லெஸ். இந்த இரண்டுக்கும்தான் சொல் சிக்கவில்லை. ‘இழப்புள்ள சுருக்கம்’ என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “யாருக்கு இழப்பு டீச்சர்?” என்றான் ஒருவன். காலை பத்து மணிக்கு அச்சகம்.

குன்னூரிலிருந்து, 6.45

டீச்சர், சொல் வாசலிலேயே நிற்கிறது: கவாத்து. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிறோம், செடி சிறுத்துப்போனாலும் தோட்டம் தோட்டமாகத்தான் இருக்கிறது. ‘கவாத்துச் சுருக்கம்’ என்றால் உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் விளக்கம் வேண்டாம்.

கொடைக்கானலிலிருந்து, 7.20

தம்பி, கவாத்து வெட்டிய செடி திரும்பத் துளிர்க்கும். ஜேபெக் என்ற லாஸி படக்கோப்பில் போனது துளிர்க்காது. மேலும் அது எந்த மொழிச் சொல் என்று முதலில் நிறுவுங்கள். எனக்குக் கவாத்து என்றால் போலீஸ் மைதானம்தான் நினைவுக்கு வருகிறது.

இலக்கணத்திலேயே இரண்டும் இருக்கின்றன. ‘தலைவன்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மாத்திரை ஐகாரம் அங்கே ஒன்றாகக் குறைகிறது, காதுக்குச் சொல் கெடவில்லை. குறைந்த மாத்திரை திரும்புவதும் இல்லை. ஆகவே லாஸி என்பது குறுக்கம். வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நிற்கிறது, விரித்தால் வந்துவிடும். ஆகவே லாஸ்லெஸ் என்பது தொகை, அதைத் திறப்பது விரி. ஒட்டும் வேண்டாம், அடைமொழியும் வேண்டாம்.

உதகையிலிருந்து, 8.05

ஐயா, குறுக்கம் அழகு. தொகையில்தான் இடிக்கிறது. ‘மரவேலி’யை விரியுங்கள். மரத்தால் ஆன வேலியா, மரத்தைக் காக்கும் வேலியா? லாஸ்லெஸ் வகையான பிஎன்ஜி படக்கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு புள்ளியும் போட்டது போட்டபடி வரும். உங்கள் தொகை அப்படி வராது.

இன்னொன்று. ஜேபெக்கில் இழப்பு எங்கே நடக்கிறது என்று பார்க்காமல் பெயர் வைக்கிறோம். முதலில் ஒளிர்வையும் நிறத்தையும் பிரிக்கிறது. நிற நுணுக்கத்தில் நம் கண் மந்தம் என்பதால் நிறத்தைப் பெரும்பாலும் பாதியாக்கிவிடுகிறது. பிறகு எட்டுக்கு எட்டுப் புள்ளியாகக் கட்டம் கட்டி, கொசைன் அலைகளாக மாற்றி, வரும் எண்களை வகுத்து முழு எண்ணாக்குகிறது. பெருவாரியான இழப்பு அந்த வகுத்தலில்தான். கடைசியில் மூட்டை கட்டும் வேலையில் ஒன்றும் போவதில்லை. ஆக, இழப்பு வகுத்தலுக்கு உரியது, லாஸி என்பது சுருக்கத்துக்கு அடைமொழியே அல்ல!

(அந்தக் கொசைன் மாற்றத்தைப் பற்றிய 1974 கட்டுரையில் இருக்கும் மூன்று பெயர்கள் அகமது, நடராஜன், ராவ். ஜேபெக் தரம் வந்தது 1992இல். மூலமே நம் பக்கத்துப் பெயர்கள், சொல்லுக்கு மட்டும் நாம் தவிக்கிறோம்.)

டீச்சர், இதையும் கையேட்டில் போடுங்கள். தொட்டபெட்டா மூடுபனிப் படம் ஒன்றையும் தேயிலைச் சரிவு ஒன்றையும் ஒரே தர எண் 30இல் (எண் குறைந்தால் கோப்பு சிறுக்கும், இழப்பு கூடும்) ஜேபெக்காகச் சேமித்தேன். பனிப்படத்தின் கோப்பு சின்னதாகிவிட்டது. ஆனால் வெள்ளைக்குள் பாத்ரூம் டைல்ஸ் பதித்த மாதிரி கட்டங்கள் கிளம்பின. இலைப்படம் பெரிய கோப்பு, குறையோ கண்ணுக்கே தெரியவில்லை, இலைகளுக்குள் ஒளிந்துகொண்டது. அதனால் தர எண்ணில் கை வைக்கும் முன் அகலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 4000 புள்ளியை 1200 ஆக்கினாலே பாதிக்கு மேல் வேலை முடிந்தது. சேமித்த ஜேபெக்கையே திருத்தித் திருத்திச் சேமிக்கவும் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும்.

பண்ணைக்காட்டிலிருந்து, 8.50

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். நகைக்கடையில் பில் போடும்போது கேட்கும் சொல் போதாதா? சேதாரம். ‘சேதாரச் சுருக்கம்’, ‘சேதாரமில்லாச் சுருக்கம்’. யாருக்கு இழப்பு என்று எந்தப் பையனும் கேட்கமாட்டான்.

கொடைக்கானலிலிருந்து, 9.15

சேதம் வடசொல்.

பண்ணைக்காட்டிலிருந்து, 9.17

ஐயா, ‘ஜேபெக்’ சங்கச் சொல்லா?

கொடைக்கானலிலிருந்து, 9.40

அது பெயர், நாம் கேட்பது கலைச்சொல். விளையாட்டில்லை. இங்கே 1899இல் தொடங்கிய சூரிய வானாய்வகத்தின் பழைய படத்தகடுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். 1909இல் இங்கே இருந்த வானியலாளர் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளி ஓரத்தில் வளிமம் வெளிநோக்கி ஓடுவதை நிறமாலைக் கோட்டின் சிறு நெளிவை வைத்துத்தான் பிடித்தார். அந்த நெளிவைக் ‘கண்ணுக்குத் தெரியாதது’ என்று ஜேபெக் வழித்துவிட்டால் ஆய்வே போச்சு. சேதாரம் என்றால் விலையில் பேசித் தீர்ப்பது. இது தீராது.

குன்னூரிலிருந்து, 9.52

கவாத்து?

கோத்தகிரியிலிருந்து, 10.30

நன்றி, எல்லோருக்கும். அச்சுக்கு ‘இழப்புச் சுருக்கம், இழப்பிலாச் சுருக்கம்’ என்றே போடுகிறேன், மற்ற பாடங்களோடு ஒத்துப்போகட்டும். உதகை அண்ணாவின் பனிப்படம் இரண்டாம் பக்கத்தில் வருகிறது, கட்டங்களோடு. சேதாரத்தை வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து, 10.41

என் வாக்கு குறுக்கத்துக்கே. மரவேலிக்கு நாளை எழுதுகிறேன்.